தையல்நாயகி எந்த வயதில் செத்தாள்

ராகுகாலம் முடியட்டும், அப்புறம்தான் தொட்டில், அப்புறம்தான் பேர் என்று தம்பி பெண்டாட்டி மல்லிகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சும்மா இருக்க முடியாதவர்களெல்லாம் இன்னொரு காபி குடிக்கப் போனார்கள். போகாமல் உட்கார்ந்திருந்த சுனிதாவின் மடியில் முப்பது நாள் வயசுக் குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள். "நீங்களே வச்சிருங்க அண்ணி, காதுல பேர் சொல்லப்போறது நீங்கதானே, உங்க சூடு பழகட்டும்" என்று மல்லிகா சொல்லிவிட்டுப் பூத்தட்டைத் தேடிக்கொண்டு போனாள். குழந்தைக்கு வசம்பு வாசனை, பவுடர் வாசனை, அதற்கும் அடியில் புளித்த பால் வாசனை. மேடவாக்கத்தில் தம்பி மகன் பிரணவ் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து ஹால் அது. "இங்கு பந்து விளையாடக் கூடாது" என்று சுவரில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தொட்டில், தொட்டிலுக்குப் பின்னால் ரோஜா நிறத் திரை, திரைக்குப் பின்னால் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய பெயர். பெயர் சொல்வது அத்தையின் உரிமை. பிரணவுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அதனால் அவனுடைய அத்தையே அவன் மகளுக்கும் அத்தையாகிவிட்டாள். வங்கியை விட்டு வந்த பிறகு சுனிதாவுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இதுதான். வேலையும் பெரிதில்லை. குனிந்து, காதருகில் வாயை வைத்து, மூன்று தடவை சொல்ல வேண்டும். தையல்நாயகி, தையல்நாயகி, தையல்நாயகி. இதைச் சொல்ல என்ன கஷ்டம்? கஷ்டம்தான். ஏனென்றால் அது அவளுடைய பெயர். பதினைந்து வயசு வரைக்கும் அவள்தான் தையல்நாயகி. இந்த ஹாலில் இருக்கும் அறுபது எழுபது பேரில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கூடப் பிறந்தவனுக்குமா தெரியாது என்று கேட்டால், தெரியாது. ஞானவேல் மறந்துவிட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் பெயரை மாற்றிக்கொண்டபோது அவனுக்கு அஞ்சு வயசு. அக்கா என்று கூப்பிடுகிற தம்பிக்கு அக்காவின் பெயர் எதற்கு? சோறு கேட்க அக்கா, சண்டை போட அக்கா, சைக்கிளில் பின்னால் ஏற அக்கா. போன மாதம் போனில் கூப்பிட்டான். "அக்கா, புள்ளைங்க ஒரு பழைய பேரா புடிச்சிருக்குதுங்க. தையல்நாயகி. நம்ம குலதெய்வம் பேரு. மருமவ தர்ஷினிதான் தேடிக் கண்டுபிடிச்சா. இப்ப பழைய பேர்தானாமே ஃபேஷன்? ஆமா, நம்ம வீட்டுல யாருக்கோ இந்தப் பேர் இருந்துச்சுல்ல? அப்பாவோட அத்தை யாரோ?" யாருக்கோ. அந்த ஒரு வார்த்தை போனிலிருந்து வந்து அவள் நெற்றியில் சுள்ளென்று பட்டது. கையில் அரிந்துகொண்டிருந்த முருங்கைக்காய். அடுப்பில் குக்கர். ஞானம், அது நான்தாண்டா என்று சொல்ல வாயைத் திறந்தாள். "ஆமாமா, இருந்தாங்க" என்றுதான் வந்தது. ஏன் அப்படி வந்தது? இன்றைக்குவரை அவளுக்கு விளங்கவில்லை. சொன்னால் ஏன் மாத்துனே என்று கேட்பான், அதைச் சொன்னால் சிரிப்பான், சிரித்தால் அவளுக்கு அழுகை வரும், குக்கர் வேறு விசில் அடிக்கும். இல்லை, அதுவும் காரணமில்லை. யாருக்கோ என்றவனிடம் போய் எனக்குத்தான் என்று சொல்வது கை நீட்டிக் கேட்பதுபோல் இருந்தது, அதுதான். இருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலமே தர்ஷினி கூப்பிட்டாள். நல்ல பெண், கதை என்றால் உயிர். "அத்தை, அந்தத் தையல்நாயகிப் பாட்டி எப்படி இருப்பாங்க? மாமாவுக்கு ஒண்ணுமே தெரியலை." என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னாள். "ஒல்லியா இருப்பா. ரெட்டைச் சடை. கணக்கு நல்லா வரும். சைக்கிள் ஓட்டுவா, கையை விட்டுட்டுக்கூட ஓட்டுவா." "அந்தக் காலத்துலயா! சூப்பர் அத்தை! அப்புறம் என்ன ஆனாங்க?" அப்புறம் என்ன ஆனாள்? சுனிதா ஜன்னல் வழியாகத் தண்ணீர் லாரியைப் பார்த்தபடி சொன்னாள்: "சின்ன வயசிலேயே போயிட்டா. பதினைஞ்சு வயசுதான் இருக்கும்." மறுமுனையில் ச்சூ கொட்டும் சத்தம் கேட்டது. பொய்யா சொன்னோம் என்று அன்றிரவு முழுக்க யோசித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் இல்லாததையெல்லாம் சேர்த்துக் கட்டினால் எப்படி இவ்வளவு பெரிய பொய் வந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது. கனவில் பால் குடிக்கிறதோ என்னவோ. காது எவ்வளவு சின்னதாக இருக்கிறது, அதன் ஓரத்தில் பூனைமுடி. இந்தக் காதிலா அந்தப் பெயரைப் போடுவது? அந்தப் பெயருக்கு ஒரு சத்தம் உண்டு. டர்ர்ர். மாயவரத்தில் டியூஷனில் பின் பெஞ்சுப் பையன்கள் எழுப்பிய சத்தம். வாத்தியார் வருகைப் பதிவில் தையல்நாயகி என்று படித்ததும் பெஞ்சுக்கு அடியில் பத்துக் கால்கள் மிஷின் மிதிக்கும். டர்ர்ர். அப்பாவுக்கு வேறு ஜவுளிக்கடையில் வேலை. "அப்பா துணி கிழிப்பாரு, பொண்ணு தைச்சுக் குடுக்கும்" என்று ஒருத்தன் சொல்லப்போய் அது ஊர் முழுக்கப் பரவியது. கூடப் படித்தவர்கள் யார்? அனிதா, கவிதா, புனிதா. தாலாட்டில் வைத்துப் பாடலாம் போன்ற பெயர்கள். நடுவில் இவள் மட்டும் கோயில் உண்டியல்போல உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவதற்கு முன்னால், திருத்த வேண்டியவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன பெயர் வேண்டும் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த அட்டைப்பெட்டி மூலையில் கிடந்தது, சூரத்திலிருந்து நைலக்ஸ் சேலை வந்த பெட்டி. அதன்மேல் கொட்டை எழுத்தில் சுனிதா என்று போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். பெட்டியைப் பார்த்தா வச்சுக்கிட்டே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்தப் பெட்டியை அன்றைக்கே அடுப்பில் போட்டு எரித்தாள். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், பட்டினி கிடக்க வேண்டும், அழ வேண்டும், என்னென்ன சொல்லி அழுவது என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். எதுவும் வேண்டியிருக்கவில்லை. "சரிம்மா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் புழக்கடையிலிருந்து அவர் குரல் வந்தது: "சுனிதா, வெந்நி சுட்டுடுச்சு."

இன்றைக்கும் ஆறாதது அந்த வெந்நீர்தான். அம்மா ஒரு நாளும் சரியாகக் கூப்பிட்டதில்லை. "தையலு, ச்சே, சுனி, எவளாவது ஒருத்தி வா" என்பாள். அம்மாவிடம் இவளுக்குக் கோபம் வரும், ஆனால் அந்தக் கோபத்துக்கு உள்ளே ஏதோ ஒன்று சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். அப்பா ஒரு தடவைகூடத் தவறவில்லை. விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல எழுத்து எழுத்தாகச் சுனிதா. அவள் கல்யாணத்தில் சுனிதா. அவளுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைமாட்டில் நின்று சுனிதா. அப்போதாவது வாய்தவறி வரும் என்று எதிர்பார்த்தாள். கடைசிக் காலத்தில் அவருக்கு எல்லாமே குழம்பிப்போய் ஞானவேலைக் கடை முதலாளி என்றார், மல்லிகாவை அம்மா என்றார், அவளைப் பார்த்து மட்டும் தெளிவாகச் சுனிதா வந்திருக்கியாம்மா என்றார். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எல்லோரும் அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவர் கோபித்துக்கொண்டாரா, கௌரவித்தாரா? பெண் கேட்டதைக் கொடுத்தோம் என்று நிம்மதியாக இருந்தாரா, இல்லை, நீயே வேண்டாம் என்றபிறகு நான் யார் என்று உள்ளுக்குள் உறவை வெட்டிக்கொண்டாரா? கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தூக்கிப்போட்ட பெயரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எந்தப் பெண் அப்பாவிடம் போய்க் கேட்பாள்?

ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு யாரோ வாளி கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு மறுபடி தூங்கியது. அவள் இடது காலை அசைக்க முடியவில்லை. அசைத்தால் எழுந்துவிடும், எழுந்தால் அழும், அழுதால் தர்ஷினியின் அம்மா விமலா ஓடிவருவாள். அந்தச் சம்பந்தியம்மாளைக் கண்டால் சுனிதாவுக்குக் கொஞ்சம் பயம். விமலா. அதுவும் ஒரு காலத்துப் பெயர். இப்போது யார் விமலா என்று வைக்கிறார்கள்? சுனிதா என்றுதான் யார் வைக்கிறார்கள்? வங்கியில் ஒரே கிளையில் மூன்று பேர் இருந்தார்கள், பெரிய சுனிதா, கேஷ் சுனிதா, இவள். இப்போது எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று சுனிதா என்று கூப்பிட்டாலும் ஒரு குழந்தையும் திரும்பாது. நேற்று தர்ஷினியின் சித்தி மகள், பல் விழுந்த வாண்டு, அவள் முகத்துக்கு நேரேயே "சுனிதாவா? வயசானவங்க பேர் மாதிரி இருக்கு" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், சுனிதாவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? கூட்டம் ஏறுகிறதே என்று இடித்துப் பிடித்து ஏறிய பஸ்ஸில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள், அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். அவள் விட்டுவிட்டு வந்த பழைய பஸ்ஸுக்கு இப்போது துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். நடுவில் ஷ்ரேஷ்டா, தக்ஷிதா என்று பல்லில் கல் மாட்டினாற்போல் எத்தனை பெயர்கள் வந்தன, போயின. இப்போது நாச்சியார், வள்ளி, ஆதிரை. தர்ஷினி பெருமையாகச் சொன்னாள், "எங்க ஆபீஸ்ல யாருக்குமே இந்தப் பேர் கிடைக்கலை அத்தை." கிடைக்கலை! இது சும்மா கிடந்தது. கேட்பாரில்லாமல் நாற்பத்து மூன்று வருஷம் கிடந்தது. தூக்கிப்போட்டது நீ, எடுத்தது அவர்கள், உனக்கு என்ன நோகிறது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பிடிக்காமல் வேலைக்காரம்மாவிடம் கொடுத்த புடவையை அவள் உடுத்தி வரும்போது அட, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றுமே, அந்த மாதிரியா? அந்த மாதிரி என்றால் இது வெறும் பொறாமை. முப்பது நாள் குழந்தையிடம் பொறாமையா, சீ. பொறாமை இல்லை, பயம். மூன்று தடவை சொல்லி முடித்ததும் அது இதனுடையது. அதற்கு அப்புறம் அவள் யார்? கடைசி வரிசையில் அவள் கணவர் சம்பத் மொபைலில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷமாக சுனி, சுனி என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிற மனுஷன். அவருக்கும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. அவர் கட்டிக்கொண்டது சேலைப்பெட்டியின் மேல் இருந்த பெயரைத்தானா? இந்தப் பிள்ளையையும் ஒரு பின் பெஞ்சு டர்ர்ர் என்று கேலி செய்யுமா? செய்யாது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கால் மிஷின் சத்தமே தெரியாது. அவர்களுக்கு அது வெறும் பெயர். நல்ல, நீளமான, அழகான பெயர். அப்படியென்றால் அவள் ஏன் ஓடினாள்? யாரிடமிருந்து ஓடினாள்?

தொட்டிலருகில் பேச்சு உயர்ந்தது. தர்ஷினி வந்தவர்களுக்கெல்லாம் தையல்நாயகிப் பாட்டியின் சைக்கிள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள், கடைசி வரியையும் சேர்த்து. விமலாவின் முகம் இறுகிப்போனது தூரத்திலிருந்தே தெரிந்தது. "பதினைஞ்சு வயசுல செத்துப்போன பொண்ணு பேரா? என் பேத்திக்கா? இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லலை?" மல்லிகா பூத்தட்டும் கையுமாக "ஐயையோ, எனக்கே இப்பதான் சம்பந்தி தெரியும்" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி" என்று பிரணவ் ஆரம்பித்தான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, ஆனா குழந்தைக்கு?" என்று விமலா கேட்டதும் அவனும் அடங்கிப்போனான். "ஆயுசு இல்லாத பேரு. மொதல்ல ஆத்யான்னு பாத்து வச்சமே, அதையே வச்சிடலாம்." தர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது; ஆனால் பெற்றவளுக்கும் பயம் வந்துவிட்டது என்பது அவள் குழந்தை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஞானவேல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படி, எதுவும் புரியவில்லையென்றால் அக்காவைப் பார்ப்பான். சுனிதா பார்வையை மாற்றிக்கொண்டாள். போகட்டும் என்று தோன்றியது. ஆத்யா சுலபமான பெயர். யாருக்கும் வலிக்காத பெயர். சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. இறங்கியது பாரம்தானா? விமலா கையைக் காட்டியதும் அலங்காரக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறித் திரையை விலக்கினார். மஞ்சள் ஜிகினா ஒட்டிய எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அவ்வளவு பெரிதாக அந்தப் பெயரை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. சத்தியமாக அழகாக இருந்தது. அவர் கடைசி எழுத்திலிருந்து பிய்க்க ஆரம்பித்தார். டேப் சுவரை விட்டு வரும் சத்தம், ஒரு சரக், கி போனது. இன்னொரு சரக், ய போனது. அன்றைக்குத் தலைமையாசிரியர் அறையில் பெயரின் குறுக்கே ஒரே கோடு, நீல மசி, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. அப்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அடிப்பதைப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. நா போனது. தானே கொன்று, தானே துக்கம் சொல்லி, இப்போது தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமா? ஆயுசு இல்லாதவளாமே. யாரைச் சொல்கிறாள் இந்தம்மா? யாருக்கு ஆயுசு இல்லை?

"ஞானம், அவரை நிறுத்தச் சொல்லு."

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஸ்டூலில் நின்றவர் நா எழுத்தைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

"அவ சாகலை."

"யாரு அக்கா?" என்றான் ஞானவேல்.

"தையல்நாயகி. அவ சாகலை. இதோ உட்காந்திருக்கா. ரொம்ப நேரமா உட்காந்து கால் மரத்துப்போச்சு அவளுக்கு. பத்தாம் வகுப்புல நான்தான் பேரை மாத்திக்கிட்டேன். அப்பா வந்து கையெழுத்துப் போட்டாரு. நீ அப்ப சின்னப்பய, உனக்குத் தெரியாது."

அவள் பயந்ததுபோல யாரும் சிரிக்கவில்லை. ஞானவேல் கிட்டே வந்தான். "அம்மா தையலு தையலுன்னு கூப்பிடும்ல, அது உன்னையா? நான் ஏதோ திட்டுறாங்கன்னு நினைச்சேன்" என்றான், அவன் கண் கலங்கிப்போய்விட்டது. கடைசி வரிசையில் சம்பத் மொபைலைக் கீழே வைத்துவிட்டு, புதிதாக யாரையோ அறிமுகம் செய்துவைத்தாற்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்து, "அத்தை, கையை விட்டுட்டு சைக்கிள் ஓட்டினது நீங்களா?" என்று கேட்டாள். விமலா மட்டும் விடவில்லை. இரண்டு எட்டு கிட்டே வந்து, சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு இப்ப வயசு?" "அம்பத்தெட்டு." "உடம்புக்கு ஒண்ணும்..." "சர்க்கரை மட்டும் கொஞ்சம் இருக்கு. மாத்திரை போட்டுக்கறேன்." விமலா ஒரு நிமிஷம் யோசித்தாள். "சர்க்கரை யாருக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் நின்றவரைப் பார்த்து, "அதை மறுபடி ஒட்டுங்க தம்பி, நேரா ஒட்டுங்க" என்றாள்.

ராகுகாலம் எப்போது முடிந்தது என்று சுனிதாவுக்குத் தெரியாது. யாரோ மணி அடித்தார்கள், யாரோ குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டார்கள், யாரோ அவளைக் கைகொடுத்து எழுப்பித் தொட்டில் கயிற்றைப் பிடிக்க வைத்தார்கள். குனிந்தாள். காதின் பூனைமுடி அவள் உதட்டில் பட்டது. சொல்ல வராதோ என்ற பயம், வந்தால் டர்ர்ர் என்று வருமோ என்ற பைத்தியக்காரப் பயம். தையல்நாயகி என்றாள். யாரோ கூப்பிட்டார்கள். உடனே அவளுக்குள் ம் என்று ஏதோ ஒன்று திரும்பியது, யோசிக்காமல், விளையாட்டுப் பாதியில் கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி. கூப்பிட்டது யார்? தன் வாயா, அம்மாவா, அல்லது இத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை வாய்தவறிப்போய் அப்பாவா? கண்ணீர் குழந்தையின் கன்னத்தில் விழுந்துவிடாமல் தலையைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். மறுபடி குனிந்து ஒரு தடவை சொன்னாள். இன்னும் ஒரு தடவை சொன்னாள். மல்லிகா கைதட்டத் தயாராக நின்றாள். "ஆச்சு அண்ணி, மூணு ஆச்சு." சுனிதா நிமிரவில்லை, "இன்னும் ஒரு தடவை" என்றாள். "அண்ணி, மூணு தடவை சொல்லிட்டீங்க. நாலாவது எதுக்கு?"

"முதல்ல சொன்னதை நான் எடுத்துக்கிட்டேன் மல்லிகா. இவளுக்கு இன்னும் ஒண்ணு வரணும்" என்று சொல்லிவிட்டு, அவள் குழந்தையின் காதில் தையல்நாயகி என்றாள்.